குகை நெற்றியில் ஒரு வரி: மதுரையைச் சுற்றி ஐந்து நாள்

முதல் நாள்: மாங்குளம்

மதுரையைச் சுற்றியுள்ள குகைகளின் நெற்றியில் தமிழ் பிராமியில், அதாவது தமிழின் மிகப் பழைய எழுத்தில், வெட்டிய வரிகளைப் படிக்கப் போகும் பயணம் இது. மதுரைக்கு வடகிழக்கே மாங்குளம். அதை அடுத்த மீனாட்சிபுரத்தை ஒட்டி நிற்கிறது மலை. ஓவாமலை என்பார்கள், கழுகுமலை என்றும் சொல்வார்கள். வழி கேட்கும்போது கழுகுமலை என்று சொல்லாதீர்கள். கோவில்பட்டிப் பக்கம் கைகாட்டி விடுவார்கள். "மீனாட்சிபுரம் கல்வெட்டு மலை" என்றால் போதும்.

வெயிலுக்கு முன் ஏறிவிட வேண்டும். மேலே தண்ணீர் கிடையாது. குடிக்க ஆளுக்கு 2 லிட்டர். மைப்படி (எழுத்தின் மேல் தாளை ஒட்டி மையால் எடுக்கும் படி) எடுப்பதானால் அதற்குத் தனியாக 5 லிட்டர். வாசனைத் தைலம், சென்ட் எதுவும் பூசிக்கொள்ள வேண்டாம், பீடி சிகரெட்டும் வேண்டாம். இந்தப் பாறைகளின் அடிவயிற்றில் மலைத்தேனீ கூடு கட்டும். கூடு கண்ணில் பட்டால் அன்றைக்கு வேலை இல்லை என்று திரும்பிவிடுவதுதான் முறை.

குகைத்தளங்களில் முதலில் பார்க்க வேண்டியது எழுத்தை அல்ல, காடியை. பாறையின் நெற்றியில், மழைநீர் உள்ளே வழியாமல் வெளியே சொட்ட ஒரு நீண்ட விளிம்பை வெட்டியிருப்பார்கள். எழுத்து பெரும்பாலும் அந்தக் காடியை ஒட்டியே ஓடும். உள்ளே தலைப்பக்கம் சற்று உயர்த்திச் செதுக்கிய கற்படுக்கைகள். ஊர்க்காரர்களுக்கு இவை பஞ்சபாண்டவர் படுக்கை. சமணத் துறவிகள் தங்கிய இடம் என்று சொன்னால் மறுக்கமாட்டார்கள். ஆனாலும் பாண்டவரை விட்டுக்கொடுக்கவும் மாட்டார்கள்.

1882இல் ஆங்கிலேய அதிகாரி ராபர்ட் சூவல் இந்த எழுத்துகளைக் கண்டார். கண்டதற்கும் படித்ததற்கும் இடையே 40 ஆண்டுக்கு மேல் போயிற்று. எழுத்து பிராமி என்று தெரிந்தது, மொழி பிடிபடவில்லை. 1924இல் கல்வெட்டு அறிஞர் கே.வி. சுப்பிரமணிய அய்யர்தான் இது தமிழ் என்று காட்டினார். இவ்வளவு தாமதத்துக்குக் காரணம் அறிவுக் குறைவு அல்ல, எழுத்துமுறை. அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

அசோகர் கால பிராமியில் வெறும் மெய்க்குறி 'க' என்று அகரம் சேர்த்தே ஒலிக்கும். பக்கத்தில் ஒரு கோடு போட்டால் 'கா'. மாங்குளத்தில் கணக்கு வேறு. வெறும் குறி 'க்'. கோடு போட்டால் 'க', அல்லது 'கா'. எது என்பதைச் சொல்லை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 'மகன்' என்று இந்த முறையில் வெட்டியதை வடக்கத்திக் கணக்கில் படித்தால் 'மாகான' என்று வரும். அப்படி ஒரு சொல் எந்த மொழியிலும் இல்லை. அதனால்தான் முதலில் படித்தவர்கள் பாலி, பிராகிருதம் என்று தேடி அலைந்தார்கள். பிற்பாடு இந்தக் கோடு 'ஆ'வுக்கு மட்டும் உரியதாயிற்று. அப்போது வெறும் குறி 'க்'கா 'க'வா என்ற புதுக் குழப்பம் வந்தது. அதைத் தீர்க்க வந்ததுதான் புள்ளி. கல்வெட்டு ஆய்வாளர் ஐராவதம் மகாதேவன் இந்த மூன்று நிலைகளையும் பிரித்துக் காட்டிய பிறகு, கல்வெட்டின் கால வரிசைக்கு எழுத்தின் வடிவத்தோடு எழுத்துக்கூட்டும் முறையும் ஒரு சான்றாயிற்று.

அந்தக் கணக்கோடு நெற்றியைப் படித்தால்: "கணிய் நந்தஅஸிரிய்இ குவ்அன்கே தம்மம் இத்தாஅ நெடுஞ்சழியன் பணஅன் கடல்அன் வழுத்திய் கொட்டுபித்தஅ பளிஇய்." கணி நந்தாசிரி குவன் என்ற துறவிக்கு, நெடுஞ்செழியனின் பணியாளான கடலன் வழுதி வெட்டுவித்த பள்ளி. 'பளி' என்பது பள்ளிதான். இரட்டித்து வரவேண்டிய மெய்யைப் பல இடங்களில் ஒற்றையாகவே விட்டுவிடுகிறார்கள். 'கொட்டுபித்த' என்பது உளியால் கொட்டி வெட்டச் செய்ததைக் குறிக்கிறது. 'பளிஇய்' என்பதில் கூடுதலாக நிற்கும் இகரத்தைப் பிழை என்று தள்ளிவிட வேண்டாம். 'தழீஇ' என்று சங்கப் பாட்டில் பார்த்துப் பழகியவர்களுக்கு அது அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது.

இன்னொரு வரி சமூகத்தைக் காட்டுவது. நெடுஞ்செழியனின் 'சாலகன்' இளஞ்சடிகன், அவன் தந்தை சடிகன் செய்த பள்ளி என்கிறது. சாலகன் என்றால் சகலன். நம் வீட்டுச் சகலைதான். அரசனுடைய பெயருக்குப் பக்கத்தில் தன் உறவுமுறையைப் பாறையில் வெட்டிக்கொள்ளும் வழக்கம் அவ்வளவு பழையது. வேறொன்று வெள்ளறை நிகமத்தாரைச் சொல்கிறது. நிகமம் வணிகர் கூட்டம். வெள்ளறையைப் பக்கத்து வெள்ளரிப்பட்டியாகக் கொள்வோர் பலர்.

காலம்? மகாதேவன் கி.மு. 2ஆம் நூற்றாண்டு என்றார். அகழாய்வுப் பானை ஓடுகளை முன்வைப்பவர்கள் இன்னும் முன்னே தள்ளுகிறார்கள். அந்த வழக்கை ஐந்தாம் நாள் பார்ப்போம்.

இரண்டாம் நாள்: அரிட்டாபட்டி, கீழவளவு

இன்று வேலைமுறை. இரண்டு இடமும் மேலூர்ப் பக்கம்.

அரிட்டாபட்டியில் குகைத்தளம் இருப்பது கழிஞ்சமலையில். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் இது. டங்ஸ்டன் சுரங்கத்துக்காக விடப்பட்ட ஏலத்தை எதிர்த்து ஊர் ஊராக மக்கள் திரண்டதும், 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்ததும் பலருக்கு நினைவிருக்கும். நெற்றியில் "நெல்வெளிஇய் சிழிவன் அதினன் வெளியன் முழாகை கொடுபிதோன்" என்று ஒரு வரி. முழாகை என்றால் முழை, குகை. 2003இல் இங்கேயே இன்னொரு வரி கண்டுபிடிக்கப்பட்டது: இலஞ்சி வேள் மாபரவன் மகன் எமயவன் கொடுத்தது. எத்தனையோ ஆய்வாளர்கள் வந்துபோன ஒரு மலையில் இரண்டாவது வரி அதுவரை கண்ணில் படாமல் இருந்தது எப்படி? வெளிச்சம்தான் காரணம்.

குகை நெற்றி பகலில் பரவிய நிழலில் இருக்கும். நேர்வெயில் படாத இடத்தில் ஆழமற்ற வெட்டுக்கு நிழல் விழாது. நிழல் இல்லாவிட்டால் எழுத்து இல்லை. அதனால் கைவிளக்கைப் பாறையோடு ஒட்டி, 10 முதல் 20 பாகைச் சாய்வில் பிடிக்க வேண்டும். எதிரே நின்று பிளாஷ் அடித்தால் இருப்பதும் மறைந்துபோகும்.

ஒரு பக்க வெளிச்சத்தோடு நிறுத்துவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. வெளிச்சம் வரும் திசைக்கு இணையாக ஓடும் கோட்டுக்கு நிழல் இல்லை. அது படத்தில் காணாமல் போய்விடும். தமிழுக்கென்றே செய்துகொண்ட எழுத்துகளில் இது வினையாகும். 'ல'வில் ஒரு கொக்கி சேர்த்தது 'ள'. 'ந'வை மாற்றி அமைத்தது 'ன'. அந்தச் சிறு கோடு மறைந்தால் 'ள' 'ல'வாகிவிடும், ஊர்ப்பெயரே மாறிவிடும். ஆகவே மேல், கீழ், இடம், வலம் என்று நான்கு பக்கமும், முடிந்தால் நான்கு மூலையும் சேர்த்து எட்டு. கேமரா முக்காலியில் அசையாமல் நிற்க, விளக்கு மட்டும் நகர வேண்டும். படத்துக்குள் 10 செ.மீ. அளவுகோல் கட்டாயம்.

வசதி உள்ளவர்கள் ஒளிமாற்றப் பதிவு செய்யலாம்: விளக்கை நகர்த்தி எடுத்த பல படங்களை மென்பொருளில் ஒன்றாக இணைப்பது. பளபளப்பான கறுப்புக் கோலிக்குண்டு இரண்டை வரிக்குப் பக்கத்தில் பொருத்தி, விளக்கை அரைக்கோளமாகச் சுற்றி 40 முதல் 60 படம். குண்டின் மேல் விழும் ஒளிப்புள்ளியிலிருந்து விளக்கு எங்கே இருந்தது என்பதை மென்பொருள் கணக்கிட்டுக்கொள்ளும். படத்தில் குண்டின் விட்டம் 250 பிக்சலாவது இருக்க வேண்டும். விளக்கின் தூரம் மாறக்கூடாது. அதற்கு நூல்தான் சிறந்த கருவி: வரியின் நீளத்தைப்போல் மூன்று மடங்கு நூல், ஒரு முனை விளக்கில், மறுமுனை பாறை அருகே, படம் எடுக்கும் நொடியில் நூலை விலக்கிவிட வேண்டும். வரி நீளமாக இருந்தால் துண்டு துண்டாக, அடுத்தடுத்த துண்டுகள் மூன்றில் ஒரு பங்கு மேலேறும்படி எடுக்க வேண்டும்.

இவ்வளவு இருந்தும் மைப்படிக்கு மதிப்புக் குறையவில்லை. இது பாதுகாக்கப்பட்ட சின்னம் என்பதால் தொல்லியல் துறையின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் தாளைக் கையில் எடுக்கக்கூடாது. அனுமதி இருந்தால் முறை இது. நார்த் தூரிகையால் தூசி, பாசி நீக்க வேண்டும். கம்பித் தூரிகை தொடவே கூடாது. கெட்டியான, நார் மிகுந்த தாளை எழுத்தைவிட நாலு பக்கமும் ஒரு சாண் கூடுதலாக வெட்டி, நனைத்து, பாறையில் ஒட்ட வேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றை வெளியேற்றி, அடர்ந்த மயிர்த் தூரிகையால் செங்குத்தாகத் தட்டினால் தாள் எழுத்துக்குழிக்குள் இறங்கும். கிழிந்த இடத்தில் ஈரத் துண்டுத்தாள் ஒட்டித் தட்டினால் போதும். பிறகு காத்திருக்க வேண்டும். கைபட்டால் குளிர்ச்சியாக, ஆனால் விரலில் ஈரம் ஒட்டாத பதம் வரும்போது மை. துணிப்பந்தில் மையைத் தொட்டு, வேறொரு தட்டில் ஒற்றிப் பரப்பி, பிறகே தாளில் லேசாக ஒற்ற வேண்டும். அழுத்தினால் மை குழிக்குள் போய்விடும். ஒற்றுவது சரியாக அமைந்தால் பரப்பு கறுப்பு, எழுத்து வெள்ளை.

கெடுவது எங்கே? தாள் ரொம்ப ஈரமாக இருந்தால் மை ஊறிப் பரவும். காய்ந்துவிட்டால் காற்றில் உரிந்து விழும். குகை வாயில் காற்று எப்போதும் இருக்கும். நெற்றி முன்புறம் சாய்ந்திருப்பதால் தாள் தன் எடையிலேயே கழன்றுவரும். கீழே ஒருவர் உள்ளங்கையால் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். தனி ஆளாக இந்த வேலைக்குப் போகாதீர்கள்.

மாலை கீழவளவு. சுற்றிலும் கிரானைட் குவாரிப் பள்ளங்கள், நடுவே பஞ்சபாண்டவர் மலை. இங்கே உள்ள வரி விசித்திரமானது: எழுத்துகள் தலைகீழாக, வலமிருந்து இடமாக ஓடுகின்றன. படித்தால் "உபாசஅன் தொண்டிலவோன் கொடுபளிஇய்": தொண்டியைச் சேர்ந்த உபாசகன் (இல்லறத்தில் இருக்கும் அடியார்) கொடுத்த பள்ளி. இப்படி ஒன்றை எதிர்கொண்டால் படத்தைச் சுற்றுவதா, கண்ணாடிபோல் புரட்டுவதா என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். 'க' கூட்டல் குறிபோல இருக்கும்; எப்படித் திருப்பினாலும் அதேதான், அதனால் உதவாது. 'உ'வைப் பாருங்கள்: நேர்கோட்டின் அடியில் வலப்பக்கம் நீளும் ஒரு கால். அந்தக் கால் எந்தப் பக்கம், மேலா கீழா என்று பார்த்தால் எழுத்து சுழன்றதா புரண்டதா என்பது தெரிந்துவிடும். ஏன் இப்படி வெட்டினார்கள் என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் உண்டு. பாறை மேலிருந்து தொங்கி வெட்டினான் என்பது அதில் ஒன்று. அப்படிச் சொல்பவர்கள் ஒரு முறை அந்த நெற்றியடியில் நின்று பார்க்கலாம்.

மூன்றாம் நாள்: அழகர்மலை

அழகர்கோயிலுக்குப் போகும் கூட்டத்தில் இந்தக் குகைக்கு வருபவர்கள் மிகக் குறைவு. கோயில் பக்கமாக அல்ல, கிடாரிப்பட்டிப் பக்கமாக ஏற வேண்டும்.

இது கடைத்தெரு. உப்பு வாணிகன், பணித வாணிகன், கொழு வாணிகன், அறுவை வாணிகன், பொன் கொல்வன். பணிதம் கருப்பங்கட்டிப் பாகு; கொழு ஏர்முனை இரும்பு; அறுவை துணி. ஒவ்வொருவரும் பெயரையும் தொழிலையும் சொல்லிக் கொடை கொடுத்திருக்கிறார்கள். அரசன் பெயர் தேவைப்படவில்லை. சங்கப் புலவர் வரிசையில் 'மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார்' என்று ஒருவர் உண்டு. அவரும் இந்தக் குகைத் துணி வணிகரும் ஒருவரல்ல. ஆனால் ஊர், தொழில், பெயர் என்று அடுக்கும் அந்த வழக்கம் ஏட்டிலும் பாறையிலும் ஒன்றாக இருக்கிறது. பாட்டில் உப்பு விற்பவர் உமணர். பாறையில் அவரே தன்னை உப்பு வாணிகன் என்கிறார். புலவர் வைத்த பெயரும் ஆள் தானே சொல்லிக்கொண்ட பெயரும் வேறுபடும் இடம் இது. தமிழ்ச் சமூக வரலாறு எழுதுவோர் இன்னும் அதிகம் கவனிக்க வேண்டிய இடமும்கூட.

பொன் கொல்வனின் ஊர் 'மத்திரை'. மேட்டுப்பட்டிச் சித்தர்மலைக் கற்படுக்கையிலும் 'மதிரை'தான். மதுரைக்கு எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய வடிவங்கள் இவை. 'மதுரம்' என்று தொடங்கும் விளக்கங்களைச் சொல்பவர்கள் இந்த இகரத்துக்கும் ஒரு பதில் வைத்திருக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. பல தலங்களில் எழுத்தின் மேல் சுண்ணம், பெயின்ட், சாக்பீஸ் கோடு இருக்கும். புகைப்படத்தில் அது அழகாகத் தெரியும். நீங்கள் படிப்பது கல்லை அல்ல, கோடு போட்டவரின் வாசிப்பை. பக்கத்தில் 9, 10ஆம் நூற்றாண்டுச் சமணத் தீர்த்தங்கரர் சிற்பமும் வட்டெழுத்தும் (பிற்காலத் தமிழ் எழுத்து) இருந்தால் அவற்றைத் தனியாகக் குறித்துக்கொள்ளவும்; படுக்கைக்கும் சிற்பத்துக்கும் நடுவே சுமார் ஆயிரம் ஆண்டு.

நான்காம் நாள்: திருப்பரங்குன்றம், முத்துப்பட்டி, கொங்கர்புளியங்குளம்

திருப்பரங்குன்றத்தில் மலைமேல் போகும் பாதைக்கான அனுமதி அவ்வப்போது மாறும். காலையில் கீழே கேட்டுக்கொண்டு ஏறவும். இங்கே தேட வேண்டிய சொல் 'ஈழகுடும்பிகன்'. எருக்காட்டூரைச் சேர்ந்த ஈழக் குடும்பிகன் போலாலையன் செய்தது என்கிறது வரி. குடும்பிகன் பிராகிருதச் சொல். நிலபுலம் உள்ள இல்லறத்தான். இதற்கு நேர் எதிர்ப்பக்கம் அனுராதபுரத்தில், அபயகிரி விகாரைப் பக்கத்துப் பாறையில் இருக்கிறது. அங்கே பிராமியில், 'தமெட கஹபதிகள்' என்ற தமிழ் இல்லறத்தார் தங்களுக்கென ஒரு மாடம் கட்டுவித்து, யாருக்கு எந்த இருக்கை என்று பெயர் வெட்டியிருக்கிறார்கள். மரக்கலத் தலைவன் ஒருவனுக்கும் இடம் உண்டு. இங்கே ஈழத்தான், அங்கே தமிழர். இரண்டு இடத்திலும் ஆளைச் சுட்டும் சொல் வேறு, பொருள் ஏறத்தாழ ஒன்று.

முத்துப்பட்டிப் பெருமாள்மலையில் 'முசிறிகோடன்' என்று ஒரு பெயர். முசிறி மேற்குக் கடற்கரைத் துறைமுகம். அங்கேயே வரும் 'சைஅளன்' என்பதையும் ஈழத்தான் என்று கொள்வோர் உண்டு; எங்களுக்கு அதில் முழு நிச்சயம் இல்லை.

கொங்கர்புளியங்குளத்தில் கண்ணைக் கீழே செலுத்த வேண்டும். பாறையில் வட்டக் குழிகள். நெற்றி வரி 'குற கொடுபிதவன்' என்கிறது. கூரை கொடுத்தவன். கம்பு நட்டு ஓலை வேய்ந்த பந்தல் இருந்ததற்கு எழுத்தும் குழியும் ஒன்றையொன்று தாங்கும் சான்று. குழியின் விட்டம், ஆழம், குழிகளுக்கு இடையே உள்ள தூரம் மூன்றையும் அளந்து, காடியிலிருந்து எவ்வளவு தள்ளி என்பதையும் குறித்தால்தான் கூரையின் சாய்வை ஊகிக்க முடியும். மழைநீரால் ஆன இயற்கைக் குழிக்கு ஓரம் மழுங்கியிருக்கும், அடி கிண்ணம்போல் இருக்கும். உளிக்குழியின் பக்கம் செங்குத்து.

ஐந்தாம் நாள்: கீழடி

மலை முடிந்து மண். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகத்துக்கு அரைநாள் ஒதுக்கவும்.

இங்கே எழுத்து பானை ஓட்டில். மாநிலத் தொல்லியல் துறையின் நான்காம் கட்ட அகழாய்வில் மட்டும் 56 எழுத்துப் பொறிப்பு ஓடுகள். 'குவிரன்', 'ஆதன்' போன்ற பெயர்கள். கண்ணாடிக்கு அருகே குனிந்து கோட்டின் ஓரத்தைப் பாருங்கள். சுடுவதற்கு முன் ஈரமண்ணில் கீறினால் ஓரத்தில் மண் சிறு வரப்பாக எழும்பியிருக்கும். சுட்ட பின் கீறினால் ஓரம் பொரிந்து, கோட்டுக்குள் உள்நிறம் வெளுத்துத் தெரியும். முன்னது குயவர் கை. பின்னது பானை வாங்கியவர் கை. எழுதத் தெரிந்தவர் யார் என்ற கேள்விக்கு விடை இந்த ஓரத்தில் இருக்கிறது. கீறல்கள் பெரும்பாலும் சுட்ட பின் போட்டவை என்பதால்தான், எழுத்து அரண்மனையோடு நிற்கவில்லை என்று வாதிட முடிகிறது.

இனி முதல் நாள் விட்ட வழக்கு. கீழடியில் 353 செ.மீ. ஆழத்துக் கரித்துண்டுக்குக் கதிரியக்கக் கார்பன் முறையில் கிடைத்த காலம் கி.மு. 580. பழனி அருகே பொருந்தலில், எழுத்துப் பொறித்த பொருளோடு ஈமச்சின்னத்தில் இருந்த நெல்லுக்குக் கி.மு. 490. இவை எழுத்தின் காலமாகப் பேசப்படுகின்றன. அளக்கப்பட்டதோ கரியும் நெல்லும். ஓடும் கரியும் ஒரே மண்ணடுக்கில் கிடந்தன என்பதுதான் பாலம். அந்தப் பாலம் எங்கே உடையும் என்று தெரிந்திருக்க வேண்டும். உறைகிணறு தோண்டினால் மேல்மண் கீழே போகும். குழி வெட்டினால் கீழது மேலே வரும். கரி முதிர்ந்த மரத்தின் வைரத்திலிருந்து வந்ததானால் அடுப்பெரித்த நாளைவிட நூறாண்டு மூத்த விடை வரும். இந்த வகையில் நெல் மேல்: ஒரு பருவத்தில் விளைந்து முடிவது.

மூன்றாவது சிக்கல் ஆய்வகத்தில் இல்லை, வானத்தில் இருக்கிறது. வளிமண்டலத்தில் கதிரியக்கக் கார்பனின் அளவு எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருந்ததில்லை. மர வளையங்களை வைத்துப் போட்ட திருத்தக் கோடு கி.மு. 800 முதல் 400 வரை கிட்டத்தட்டத் தட்டையாகப் போகிறது. தட்டையான கோட்டில் கி.மு. 750க்கும் 450க்கும் ஒரே மாதிரி விடை வரும். நம் எழுத்து பற்றிய வாதம் சரியாக அந்தத் தட்டையில் வந்து விழுந்திருக்கிறது. ஆகவே 580 என்பதைப் பிறந்தநாள்போல் சொல்லாமல், அதன் வீச்சோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரே குழியில், மேலிருந்து கீழ்வரை வரிசையாகப் பல மாதிரிகளை அளந்தால் அடுக்கு வரிசையே வீச்சைச் சுருக்கித் தரும். ஒற்றை மாதிரியால் அது ஆகாது.

பாறைக்கு இந்த வசதியும் இல்லை. மாங்குளத்து நெற்றியில் கரியும் இல்லை, நெல்லும் இல்லை. எழுத்தின் வடிவமும் எழுத்துக்கூட்டும் முறையும் மட்டுமே. ஓட்டுக்குக் கிடைத்த காலத்தை அப்படியே பாறைக்கு ஏற்ற முடியுமா என்றால், இரண்டிலும் அகரக் கோடு ஒரே முறையில் வருகிறதா என்று வரி வரியாக ஒப்பிட்ட பிறகுதான். அதற்கு எட்டுத் திசை வெளிச்சப் படம் வேண்டும், இங்கும் அங்கும்.

திரும்பும் வழியில் கொந்தகையும் கீழடியை ஒட்டியே. ஊர் வாழ்ந்த மேடு இங்கே, முதுமக்கள் தாழி புதைத்த காடு அங்கே. வைகை பக்கத்தில்.